ஓடியவரும் ஓடாதவர்களும்: மோட்டார் பந்தய மார்ஷல்களின் வரலாறு குறித்து

1977ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கயலாமி தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் போட்டியில் மார்ஷல் ஒருவர் காரில் அடிபட்டு இறந்தார். உடல் அடையாளம் காணும் நிலையில் இல்லை. இறந்தவர் யார் என அறிவதற்காகப் பணியில் இருந்த மார்ஷல்கள் அனைவரையும் போட்டி இயக்குநர் ஓரிடத்துக்கு அழைத்தார். வந்தவர்களில் ஒருவர் குறைந்தார். வராதவர் பிரெடரிக் யான்சன் ஃபான் ஃபியூரன், வயது 19. அந்தப் போட்டியில் ஒவ்வோர் ஓட்டுநரும் தகுதிச் சுற்றில் எடுத்துக்கொண்ட நேரம், நொடியின் நூறில் ஒரு பங்கு வரை இன்றும் பதிவேட்டில் கிடைக்கிறது. தடத்தின் ஓரத்தில் நின்றவர்கள் யார் யார் என்பதற்கோ, அன்று மாலை ஆட்களை நேரில் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

மோட்டார் பந்தயத்தின் வரலாறு ஓட்டுநர்களின் வரலாறாகவும் எந்திரங்களின் வரலாறாகவும் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்பின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அதுவும் தலைக்கவசம், எரிபொருள் தொட்டி, தடுப்புச்சுவர் ஆகியவற்றின் கதையாகவே பெரிதும் அமைந்துவிட்டது. கொடி பிடித்தவர், தீயணைப்பானோடு காத்திருந்தவர், சிதறிய உலோகத்துண்டுகளைத் தடத்திலிருந்து பொறுக்கியவர் ஆகியோரை மையமாக வைத்து அந்தக் கதையைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஊதியம் பெறாத ஒருவரிடம் எந்த அளவுக்குத் துணிச்சலை எதிர்பார்க்கலாம், அந்தத் துணிச்சலுக்கு ஈடாக அவருக்கு என்ன தரப்பட வேண்டும் என்ற வழக்கு அது. இன்றுவரை முழுமையாகத் தீராத வழக்கு.

'மார்ஷல்' என்ற சொல்லுக்குப் பழைய ஜெர்மானிய மொழிகளில் 'குதிரைப் பணியாள்' என்றே பொருள். இலாயத்தில் தொடங்கிய சொல் பிரெஞ்சு வழியாகப் படைத்தலைவன் வரை உயர்ந்து, பின்னர் ஊர்வலத்தையும் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்துவோரைக் குறிக்கும் அளவுக்கு இறங்கி வந்தது. பந்தயத் தடத்துக்கு அது வந்து சேர்ந்தது பொருத்தமே. 1907இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் தடம் தன் நடைமுறைகளில் பலவற்றைக் குதிரைப் பந்தயத்திடமிருந்தே கடன் வாங்கியது. 'பேடக்', 'ஸ்டூவர்ட்', 'கிளார்க் ஆஃப் த கோர்ஸ்' என்று இன்றும் வழங்கும் பெயர்கள் யாவும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து வந்தவை. பெயர்களோடு ஒரு சமூக ஏற்பாடும் சேர்ந்து வந்தது. பந்தயத்தை நடத்துவது கிளப். உதவுவோர் அதன் உறுப்பினர்களும் நண்பர்களும். கூலி கேட்பது அந்த வட்டத்தில் நாகரிகம் அன்று.

இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டுக்குப் புதிய நிலத்தைக் கொடுத்தது. போருக்கெனப் போடப்பட்டுப் பிறகு வேலையற்றுக் கிடந்த விமான ஓடுதளங்கள் பந்தயத் திடல்களாயின. 1950ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டி நடந்த சில்வர்ஸ்டோன், பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்த இடம். அதே கதை சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் நிகழ்ந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்கால ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம் என்றே பொருள்பட்டது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களை ஒட்டிய ஓடுதளங்களிலும் இவ்வாறே பந்தயங்கள் நடந்தன. ஓடுதளத்தில் நிலையான கட்டுமானம் எதுவும் கிடையாது. வைக்கோல் கட்டு, கயிறு, கொடி, மனிதன் இவ்வளவே. எனவே மனிதன்தான் தடுப்புச்சுவராகவும் சமிக்ஞை விளக்காகவும் இருக்க நேர்ந்தது.

பணியின் இயல்பைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். தடம் முழுவதும் ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணில் படும்படியாகச் சாவடிகள் அமைக்கப்படும். ஒவ்வொன்றிலும் கொடி காட்டுவோர், தீயணைப்போர், காரை அகற்றுவோர், நடப்பதைக் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிப்போர் இருப்பர். மஞ்சள் கொடி ஆபத்தைச் சொல்லும். பச்சை, தடம் சீரானதைச் சொல்லும். நீலம், பின்னால் வேகமான கார் வருவதைச் சொல்லும். மஞ்சளும் சிவப்பும் கோடிட்ட கொடி, தடம் வழுக்குவதைச் சொல்லும். போட்டியையே நிறுத்தும் சிவப்புக் கொடி மட்டும் சாவடியில் நிற்பவர் தாமே முடிவெடுத்துக் காட்டக்கூடியது அன்று. கட்டுப்பாட்டு அறையின் ஆணை வேண்டும். இந்த அதிகாரப் பகிர்வு எத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதை 1973ஆம் ஆண்டு காட்டியது.

அதற்குள் விளையாட்டின் பொருளாதாரம் மாறிவிட்டிருந்தது. 1968இல் லோட்டஸ் அணியின் கார்கள் தம் நாட்டு நிறத்தைக் களைந்துவிட்டு ஒரு சிகரெட் நிறுவனத்தின் நிறத்தைப் பூசிக்கொண்டன. விளம்பரப் பணம் வந்தது, ஓட்டுநர் தொழில்முறையாளர் ஆனார், மெக்கானிக்கும் ஆனார், பின்னர் தொலைக்காட்சி உரிமைகளைக் கையாண்டோர் பெருஞ்செல்வர் ஆயினர். கிளப் காலத்து நாகரிகத்தை அப்படியே தொடர்ந்தவர் மார்ஷல் ஒருவர்தாம். தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்போரையும் தேரின் அழகையும் பாடிய மரபு, சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடும் கையைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கையால்தான். நசுங்கும் ஆபத்தும் அந்தக் கைக்குத்தான். மார்ஷலின் இடம் ஏறத்தாழ அதுவே.

1973 ஜூலை 29, நெதர்லாந்தின் சான்ட்ஃபோர்ட் தடம். தம் இரண்டாவது ஃபார்முலா ஒன் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த ரோஜர் வில்லியம்சன் என்ற 25 வயது ஆங்கிலேயரின் கார், எட்டாம் சுற்றில் தடுப்பில் மோதிக் கவிழ்ந்து, தலைகீழாகச் சறுக்கிச் சென்று தீப்பற்றியது. மோதலில் அவருக்குப் பெருங்காயம் எதுவும் இல்லை. ஆனால் வெளியே வர வழி இல்லை. பின்னால் வந்த டேவிட் பர்லி தம் காரை நிறுத்திவிட்டுத் தடத்தின் குறுக்கே ஓடினார். முன்னாள் ராணுவ அதிகாரியான அவர் தனி ஆளாகக் காரைப் புரட்ட முயன்றார், முடியவில்லை. மார்ஷலிடமிருந்து தீயணைப்பானை வாங்கித் தாமே அடித்தார், அது தீர்ந்தது, நெருப்பு தீரவில்லை. அருகில் இருந்த மார்ஷல்கள் நெருங்கவில்லை. உதவ முன்வந்த பார்வையாளர்களைக் காவலர்கள் நாய்களோடு தடுத்து நிறுத்தினர். தீயணைப்பு வண்டி பந்தயம் ஓடும் திசைக்கு எதிராக வர இயலாததால் சுற்றி வந்தது. வந்து சேர ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆயிற்று. வில்லியம்சன் மூச்சுத் திணறி இறந்தார். போட்டி நிறுத்தப்படவே இல்லை. அன்று வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு அது 26ஆவது வெற்றி. ஜிம் கிளார்க்கின் 25 என்ற எண்ணைக் கடந்த வெற்றி.

பர்லிக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அதற்கு அவர் முற்றிலும் உரியவர். மார்ஷல்களுக்குக் கிடைத்தது கோழைகள் என்ற பெயர். தொலைக்காட்சிப் பதிவும், உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பெற்ற படத்தொடரும் அந்தப் பெயரை நிலைநிறுத்தின. படத்தில் ஒருவர் போராடுகிறார், மற்றவர்கள் நிற்கிறார்கள். இதைப் பார்ப்பவர் வேறு எந்த முடிவுக்கும் வர இயலாது. ஆனால் படச்சட்டத்துக்குள் அடங்காத செய்திகள் சில உண்டு. பர்லி அணிந்திருந்தது தீயைத் தாங்கும் உடை. மார்ஷல்கள் அணிந்திருந்தது சாதாரண உடை. நூறு லிட்டருக்கு மேல் எரிபொருள் கொண்ட கார் எரியும்போது சாதாரண உடையில் ஒருவர் எவ்வளவு அருகில் செல்ல முடியும் என்பது வீரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. வெப்பத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். அடுத்தது செய்தித் தொடர்பு. தம் காரை விட்டு இறங்கி நின்றவரைக் கண்ட கட்டுப்பாட்டு அறை, எரிவது அவருடைய கார் என்றும் ஓட்டுநர் தப்பிவிட்டார் என்றும் எண்ணிக்கொண்டது. கடந்து சென்ற ஓட்டுநர்கள் பலரும் அவ்வாறே எண்ணினர். சிவப்புக் கொடிக்கான ஆணை வராததற்கு இதுவே காரணம். இதே தடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் பியர்ஸ் கரேஜ் தீயில் இறந்திருந்தார். ஆகவே நெருப்பு எதிர்பாராதது என்று நடத்துநர்கள் சொல்வதற்கும் வழியில்லை. உடை, கருவி, பயிற்சி, செய்தி ஆகிய நான்கையும் தராமல் ஒருவரை அங்கே நிறுத்திவிட்டு, அவரிடம் துணிச்சல் இல்லை என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு கயலாமியில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். ரென்சோ சோர்சியின் ஷேடோ கார் பழுதாகி, நேர்த்தடத்தின் இடப்பக்கம், பிட் பகுதிக்கு எதிரே நின்றது. எரிபொருள் கசிந்து சிறு தீ எழுந்தது. சோர்சி வெளியேறுவதற்குச் சற்றுத் திணறினாலும் வெளியேறிவிட்டார். எதிர்ப்புறத்திலிருந்து மார்ஷல்கள் இருவர், ஆணை எதுவும் பெறாமல், தடத்தின் குறுக்கே ஓடினர். முன்னே ஓடியவர் கடந்துவிட்டார். பின்னே ஓடிய யான்சன் ஃபான் ஃபியூரனின் கையில் 18 கிலோ எடையுள்ள தீயணைப்பான் இருந்தது. அந்த இடத்துக்கு முன்னே தடம் ஒரு மேடாக எழுந்து இறங்குகிறது. மேட்டுக்கு அப்பால் வருபவருக்கு இப்பால் இருப்பது தெரியாது. ஹான்ஸ் யோவாகிம் ஸ்டுக் மயிரிழையில் விலகிச் சென்றார். அவருக்குப் பின்னே மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்த டாம் பிரைஸுக்கு விலக வழி இல்லை. மார்ஷல் அங்கேயே இறந்தார். தீயணைப்பான் தலையில் மோதி, 27 வயதுப் பிரைஸும் அக்கணமே இறந்தார். ஓட்டுநர் உயிரற்றுப்போன கார் நேர்த்தடத்தின் கடைசிவரை ஓடி, ஜாக் லஃபீத்தின் காரில் மோதிய பின்பே நின்றது.

சான்ட்ஃபோர்டில் ஓடாததற்காக மார்ஷல்கள் பழிக்கப்பட்டனர். அந்தப் படங்களைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, எரியும் கார் நோக்கி ஓடுவதே மார்ஷலின் கடமை என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. கயலாமி இளைஞரின் மனத்தில் அது இருந்ததா என்பதற்குச் சான்று இல்லை. அப்படி ஊகிப்பதும் முறையன்று. ஆனால் இவ்விரு நாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், 'துணிச்சல்' என்ற சொல் இந்தப் பணிக்கு எவ்வளவு போதாதது என்பது புலப்படுகிறது. முதல் இடத்தில் அது இல்லை என்றனர். இரண்டாம் இடத்தில் அது இருந்தது. இரண்டிலும் உயிர்கள் போயின. இரண்டிலும் இல்லாதிருந்தது வேறு: எப்போது நகர்வது, எப்போது நிற்பது, யார் சொன்னால் நகர்வது என்ற ஒழுங்கு.

இன்றைய பயிற்சியின் அடிப்படைப் பாடங்கள் இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே எழுதப்பட்டவை போலத் தோன்றும். வரும் கார்களுக்கு முதுகைக் காட்டாதே. ஆணையின்றித் தடத்தில் கால் வைக்காதே. ஒருவர் வேலை செய்யும்போது மற்றொருவர் போக்குவரத்தை மட்டுமே பார்க்க வேண்டும். செயற்கை இழை உடை அணியாதே. உருகித் தோலில் ஒட்டும். புகைப்படம் எடுக்காதே. கைதட்டாதே. இவற்றில் பெரும்பாலானவை, கண்ட உடனே பாய்ந்து உதவத் துடிக்கும் மனித இயல்பை அடக்குவதற்கானவை. பிரிட்டனில் மார்ஷல்களுக்கென்றே 1957இல் தொடங்கப்பட்ட சங்கம் போன்றவை இத்தகைய அறிவைப் படிநிலைப் பயிற்சியாக வளர்த்தன. மருத்துவத்திலும் இதற்கு இணையான மாற்றம் நிகழ்ந்தது. 1976இல் நியூர்பர்க்ரிங்கில் லவுடாவை நெருப்பிலிருந்து இழுத்தவர்களில் நால்வர் சக ஓட்டுநர்கள். 1978இல் மோன்சாவில் ரோனி பீட்டர்சனை இழுத்ததிலும் ஓட்டுநர்களே முன்நின்றனர். மருத்துவர் சிட் வாட்கின்ஸையோ காவலர் வளையம் தடுத்து நிறுத்தியது. அதன் பின்னரே முதல் சுற்றில் மருத்துவக் கார் பின்தொடரும் வழக்கம் நிலைபெற்றது. காப்பாற்றுவது என்பது அருகில் நிற்பவரின் நற்குணத்தைப் பொறுத்தது என்ற நிலை மாறி, நியமிக்கப்பட்டவரின் வேலை ஆயிற்று.

எனினும் ஒழுங்கைக் கடைப்பிடித்தவரும் தப்புவதில்லை. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 10 அன்று மோன்சாவில், முதல் சுற்று மோதலில் கழன்று பறந்த சக்கரம் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்ட்டி என்ற தன்னார்வத் தீயணைப்பாளரைக் கொன்றது. ஆறு மாதம் கழித்து, 2001 மார்ச் 4 அன்று மெல்போர்னில், ஜாக் வில்நவ் காரின் சக்கரம் கம்பிவலையில் விடப்பட்டிருந்த ஒரு திறப்பின் வழியே புகுந்து, 52 வயது கிரஹாம் பெவரிட்ஜைத் தாக்கியது, அவரும் இறந்தார். இருவரும் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றனர். பெவரிட்ஜின் மரணம் தவிர்த்திருக்கக்கூடியது என்பதே ஆஸ்திரேலிய மரண விசாரணையின் முடிவு. 2013இல் மான்ட்ரியலில் போட்டி முடிந்த பிறகு, காரை எடுத்துச் செல்லும் வண்டியின் அருகே நடந்துகொண்டிருந்த மார்க் ராபின்சன், கீழே விழுந்த தம் கம்பியில்லாக் கருவியை எடுக்க முயன்று தடுமாறி, அவ்வண்டியின் கீழ் அகப்பட்டு மாண்டார். மறு ஆண்டு சுசூகாவில் ஜூல் பியான்கியின் கார், பழுதான காரை மார்ஷல்கள் அகற்றிக்கொண்டிருந்த இடத்தில், பளுதூக்கும் வண்டியின் மீது மோதியது. பியான்கி 2015 ஜூலையில் இறந்தார். எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் மெதுவாக்கும் ஏற்பாடு அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அது ஓட்டுநருக்கான பாதுகாப்பு என்றே பெரிதும் பேசப்படுகிறது. அதனால் மிகுந்த பயன் பெற்றவர் தடத்தில் குனிந்து நிற்பவர்.

சட்டம் இவர்களை எங்கே வைக்கிறது? விரும்பி ஏற்றவன் தீங்கென்று முறையிட முடியாது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய கொள்கை. புரூக்லாண்ட்ஸில் கார் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தது தொடர்பாக 1930களின் தொடக்கத்தில் முடிவான வழக்கில், நடத்துநர் நியாயமான கவனம் எடுத்தால் போதும், விளையாட்டின் இயல்பான ஆபத்தைப் பார்வையாளர் ஏற்றுக்கொண்டவரே என்ற நிலை உறுதியாயிற்று. பணம் கொடுத்து வந்தவருக்கே இது என்றால், பணம் வாங்காமல் வந்து, ஆபத்தை அறிவேன் என்று படிவத்தில் கையொப்பமிட்டவரின் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை. தமிழில் 'தன்னார்வலர்' என்ற சொல்லே இந்தக் கொள்கையைத் தன்னுள் கொண்டிருக்கிறது: தன் ஆர்வம், எனவே தன் பொறுப்பு. 'தொண்டர்' என்ற பழஞ்சொல்லில் அந்தத் தனிமை இல்லை. தொண்டுக்கு எப்போதும் எதிரே ஒருவர் உண்டு, தொண்டை ஏற்றுக்கொண்டவர். ஏற்றுக்கொண்டவருக்கும் கடன் உண்டு.

ஊதியமின்மையைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் சரியாகாது. எந்த விலைக்கும் விற்கப்படாத இடம் மார்ஷலின் இடம். செல்வந்தர் அமரும் மாடத்தைவிடத் தடத்துக்கு அருகில் உள்ளது. பலர் வருவது அதற்காகவே. அதை மறைப்பதும் இல்லை. கூலி வாங்கும் ஆள்களை வைத்தால் பணி மேம்படும் என்பதற்கும் உறுதி கிடையாது. ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே தேவைப்படும் ஒரு திறனை, ஆர்வம் அன்றி வேறெதுவும் பல்லாண்டுகள் உயிரோடு வைத்திருப்பது கடினம். ஆனால் 2017இல் 800 கோடி டாலர் மதிப்பில் கைமாறிய ஒரு வணிகம், தன் மிக ஆபத்தான வேலையை இன்னமும் கிளப் காலத்து நட்பின் கணக்கில் எழுதுவது வேறு செய்தி. நட்பின் கணக்கு இருபுறமும் செல்வந்தர் இல்லாதபோது மட்டுமே நேராக நிற்கும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறொரு வடிவம் கொள்கிறது. இங்குள்ள கிளப்புகளின் கூட்டமைப்பு 1970களின் தொடக்கத்தில் அமைந்தது. சோழவரத்தின் இடத்தை 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் எடுத்துக்கொண்டது. கோவையிலும் தடம் உண்டாயிற்று. மார்ஷல் திறன் வளர்ந்தது இத்தகைய சிறு போட்டிகளின் வார இறுதிகளில்தான். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது, உலகத் தரமான 5.125 கிலோமீட்டர் தடம் ஒரே வீச்சில் எழுந்திருந்தது. தார் போட்டால் தடம் வரும். அதே வேகத்தில் மார்ஷல் வருவதில்லை. முதல் பயிற்சிச் சுற்றில் தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்ததால் ஓட்டம் நிறுத்தப்பட்டதை உலகமே எள்ளி நகையாடியது. பயிற்சி நூல்களில் அந்தச் சூழலுக்கான பாடம் குறைவு. சோழவரத்தில் நின்ற எவருக்கும் அது புதிதாக இருந்திராது.

மூன்று ஆண்டுகள் நடந்து, 2013க்குப் பின் அந்தப் போட்டி நின்றது. அதன் பின்னும் வழக்கு மட்டும் தொடர்ந்தது. அந்தச் சில நாள்களில் தடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, எனவே வரி யாருக்கு என்பதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு உரிமையாளருக்கு இங்கே நிலையான தொழிலகம் இருந்ததாக 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்கள், உரிமைகள், நாள்கணக்கு யாவும் அத்தீர்ப்பில் நுணுக்கமாக அலசப்பட்டுள்ளன. அதே நாள்களில் தடத்தோரம் செலவான உழைப்பு எந்த ஒப்பந்தத்தின் விலையிலும் சேராதது. ஆதலால் வரிக்கணக்கிலும் அதற்கு இடமில்லை.

சிறு தடங்களில் பணி நிற்கவில்லை. 2023இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் இரு மரணங்கள்: சனவரியில் ஒரு மூத்த கார் ஓட்டுநர், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவர். இத்தகைய தருணங்களில் முதலில் சென்று சேர்பவர், எந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலும் நின்றிராத, வார நாள்களில் வேறெங்கோ கல்லூரிக்கோ வேலைக்கோ செல்லும் ஒருவராகவே இருக்க முடியும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் இரவுப் பந்தயம் நடந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பின் தடச் சான்றிதழ் வரத் தாமதமானதால், குறித்த நேரத்தில் ஓட்டம் தொடங்கவில்லை. செய்திகள் முழுவதும் அந்தத் தாமதத்தைப் பற்றியே இருந்தன. தெருத் தடங்களில் மார்ஷல் நிற்பது கான்கிரீட் தடுப்புக்குப் பின்னால், உள்ளே செல்வதற்கென வலையில் விடப்படும் திறப்பை ஒட்டி. அந்தத் திறப்பு எவ்வளவு அகலம் இருக்கலாம், அதன் குறுக்கே மற்றொரு வலை எவ்வாறு மறைத்து நிற்க வேண்டும் என்பன, மெல்போர்னில் பெவரிட்ஜ் இறந்த பிறகே எவரும் கேட்கத் தொடங்கிய கேள்விகள்.